விற்பவர் பலரானாலும் கம்பி ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்கான மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை மக்களே முடிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் ஓயவில்லை. ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் ஒரே கம்பி வழியே மின்சாரம் விற்க இடமளித்த திருத்த மசோதா, 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அந்த மக்களவையோடு காலாவதியானது. அது மறுபடியும் வருமுன் இரண்டு செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

என் மகள் குடும்பம் ஹூஸ்டனில் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் பெரும்பகுதியில் 2002 முதல் இம்முறைதான். நான் அங்கே தங்கியிருந்தபோது அவளுடைய ஒப்பந்தம் முடியவே, அடுத்ததைத் தேடி இருவரும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தோம். 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை என்ன என்று காட்டும் விவரத்தாளை ஒவ்வொரு திட்டத்துக்கும் தந்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதைப் படித்த பிறகுதான், ஆக மலிவாகத் தெரிந்த திட்டம் மாதம் 1000 யூனிட்டைத் தொட்டால் மட்டுமே தள்ளுபடி தருவது என்பதும், 990 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டவர் அதைவிட அதிகம் கட்ட நேரும் என்பதும் புரிந்தது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏறியபோது, அந்த விலைக்கே வாங்குவதாக ஒப்புக்கொண்டிருந்த வீடுகளுக்குச் சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. படித்தவர்களே தடுமாறும் இந்தக் கணக்கை, கடலுக்குப் போய்வந்து களைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது முறையாகாது. இங்கும் அம்முறை வந்தால், அத்தகைய விவரத்தாள் தமிழில், இரண்டு மாதக் கணக்கில், அரசு தரும் இலவச யூனிட்டையும் சேர்த்துக் காட்டுவதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பி. ஹூஸ்டனில் விற்பவர்கள் பலர் இருந்தாலும் தெருக்கம்பியைப் பராமரிப்பது ஒரே நிறுவனம். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது, எவரிடம் வாங்கியவராயினும் எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். எங்கள் பாம்பன் தீவிலோ புயல் வரத் தேவையில்லை. மழை இல்லாத மாதங்களில் கம்பத்துப் பீங்கான்மீது உப்பு வெள்ளையாகப் படிகிறது. விடியற்காலைப் பனியில் அது நனைந்ததும் சரசரவென்று இரைந்து நீலப்பொறி பறக்கிறது, சற்று நேரத்தில் தெருவே இருண்டுவிடுகிறது. வாங்கி வைத்த மீனுக்கு அன்றைக்கு ஐஸ் பெட்டிதான் கதி. பீங்கானைத் துடைப்பதும் துருவேறிய கம்பியை மாற்றுவதும் செலவு பிடிக்கும் வேலை. வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத்தைவிட இங்கே ஒவ்வோர் இணைப்புக்கும் அச்செலவு கூடுதல். நல்ல கட்டணம் கட்டும் ஐஸ் கம்பெனிகளையும் விடுதிகளையும் புதிய விற்பனையாளர்கள் பிடித்துக்கொண்டால், இந்தச் செலவை யார் ஏற்பது?

நான் தேர்வுரிமையை எதிர்க்கவில்லை. மும்பைப் புறநகரில் வீட்டு நுகர்வோர் இரு நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் உப்புக்காற்று அடிக்கும் கடலோரக் கம்பிக்குப் பொறுப்பு யார், எத்தனை மணி நேரத்துக்குள் பழுது நீக்க வேண்டும், தவறினால் நுகர்வோருக்கு என்ன ஈடு என்பவற்றை மசோதாவிலேயே எழுதும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.