தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துப் படி.

போனில் கூப்பிட்டால் “வேலை இருக்கிறதப்பா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் எனக்குத் தெரியாது.

நேற்று உங்கள் அமெரிக்காவின் டல்லடேகா மைதானத்தில் நடந்த நாஸ்கார் கார் பந்தயம் பார்த்தேன். உங்கள் ஞாயிறு மதியம் எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடுகிறது. மாடி வீட்டுப் பையன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். உங்கள் குழுவின் வண்டி டயர் மாற்ற உள்ளே வரும்போதெல்லாம் உன் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். “அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன், எப்படித் தெரிவான்?” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் எட்டிப் பார்த்தாள். நான்கு டயரையும் மாற்றிப் பெட்ரோலும் ஊற்றிப் பத்து விநாடியை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். பஸ் டெப்போவில் எங்களுக்கு ஜாக்கியைத் தேடவே அதைவிட நேரமாகும். சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்ததை 2022-இல் நடுவில் ஒரே நட்டாக மாற்றிவிட்டார்கள் என்று நீ சொன்னதை டீக்கடையில் சொன்னேன். “ஒரு நட்டை நம்பி முந்நூறு கிலோமீட்டர் வேகமா?” என்று எங்கள் பழைய ஃபோர்மேன் சிரித்தார். என் மகன் அங்கேதான் வேலை செய்கிறான் என்றேன். அதற்குமேல் பேசவில்லை.

நீ இரவில் வண்டி ஓட்டாதே. பந்தயம் முடிந்த களைப்போடு விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு நீயே ஓட்டிப்போகிறாய் என்று மருமகள் அப்போதே வருத்தப்பட்டாள்.

நீங்கள் என்னை அந்த மைதானத்துக்கு அழைத்துப்போனதை இன்னும் இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுற்று 2.66 மைல், வளைவில் 33 டிகிரி சாய்வு. மலைப்பாதையில் வளைவின் வெளிப்பக்கத்தை உயர்த்திப் போடுவது எனக்குத் தெரியாததா? ஆனால் அதைச் சாலை என்று சொல்லலாம், இது சுவர். அந்தச் சுவரில் மூன்று மூன்று வண்டியாக ஒட்டிக்கொண்டு, ஒன்றின் பம்பரை இன்னொன்று முட்டித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. முன்வண்டி காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் இரண்டு சேர்ந்து போனால் தனியாகப் போவதைவிட வேகம் கூடும் என்று நீ விளக்கினாய். நன்றாகத்தான் விளக்கினாய்.

ஓட்டுநரோடு ரேடியோவில் பேசுவதைக் கேட்க ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாய். 2001-இல் டேல் எர்ன்ஹார்ட் என்ற பெரிய ஓட்டுநர் டேடோனா மைதானத்தில் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்த பிறகு தலையைப் பிடித்து நிறுத்தும் பட்டையை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டார்களாம். அதனால் ஓட்டுநரால் கழுத்தை அதிகம் திருப்ப முடியாது. பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதை உயரத்தில் நிற்கும் ஸ்பாட்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “இன்சைடு... இன்னும் இன்சைடு... கிளியர்.” நம் கண்டக்டர் விசில் மாதிரி. அந்தக் குரல் ஒரு நொடிகூட ஓயவில்லை.

அன்று ஒரு கூட்ட மோதல் நடந்தது, நினைவிருக்கிறதா? புகை அடங்கியதும் சிவப்பு வண்டி ஒன்று சுவரோரம் திரும்பி நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வலையை அவிழ்த்துவிட்டால் நலமாக இருக்கிறார் என்று பொருள், அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாய். வலை இறங்கவில்லை. சத்தம் எல்லாம் நின்ற பிறகும் மருமகள் பாப்பாவின் காதுமூடியை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு இறங்கியது. யாரோ முன்பின் தெரியாத ஓட்டுநர், அவர்கூட முகம் தெரியாத கூட்டத்துக்குத் தகவல் சொல்கிறார். நீ சித்திரை ஒன்றாம் தேதிகூடப் பேசவில்லை.

பொங்கலுக்கு மருமகள் வழக்கமாக அனுப்பும் கோலப்படம் இந்த ஆண்டு வரவில்லை. சம்பந்தியம்மாளைக் கல்யாண வீட்டில் அம்மா பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தும் பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டார். ஆயிரம் காரணம் இருக்கலாம், வெயில் வேறு. நீ இம்முறை வழக்கத்தைவிட அதிகமாகப் பணம் அனுப்பியிருக்கிறாய். எதற்கு? எங்களுக்கு இருப்பதே போதும்.

அந்த மைதானத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 1969-இல் அங்கே முதல் பந்தயத்தின்போது, இந்த வேகத்துக்கு டயர் தாங்காது என்று ரிச்சர்ட் பெட்டி தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். முதலாளி பில் ஃபிரான்ஸ் வேறு ஆட்களை வைத்துப் பந்தயத்தை நடத்திவிட்டார். வேலைநிறுத்தத்தன்று வெளியாட்களை வைத்து பஸ்ஸை எடுப்பதெல்லாம் அங்கேயும் இருந்திருக்கிறது! சங்கத்துத் தோழர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் படித்தேன். 1987-இல் அதே இடத்தில் பாபி அல்லிசன் என்ற ஓட்டுநரின் டயர் வெடித்து, வண்டி காற்றில் எழும்பிப் பார்வையாளர் பக்கத்து வேலியைக் கிழித்தது. அன்று ஜெயித்தவர் அவர் மகன் டேவி. அதன் பிறகுதான் 1988 முதல் டல்லடேகாவிலும் டேடோனாவிலும் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு போட்டு வேகத்தை அடக்கினார்கள். அந்த ஆண்டு டேடோனா 500 பந்தயத்தில் தகப்பன் முதலிடம், மகன் இரண்டாமிடம். சில மாதத்தில் போகோனோ மைதானத்து விபத்தில் தலையில் அடிபட்டு, அந்த வெற்றி பாபிக்கு நினைவில் இல்லாமலே போய்விட்டது. இளைய மகன் கிளிஃபோர்ட் 1992-இல் மிச்சிகனில் பயிற்சி ஓட்டத்தில் போனான். மறு ஆண்டு டேவி, அதே டல்லடேகாவில், ஹெலிகாப்டர் விழுந்து. அதன் பிறகு பாபியும் அவர் மனைவி ஜூடியும் விவாகரத்து செய்துகொண்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் யாரை யார் தேற்றுவது? ஆனால் 2000-ஆம் ஆண்டில் அவர்கள் இருவருமே மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே ஆண், அதே பெண். இதை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. படித்தேன், எழுதினேன்.

பிப்ரவரியில் ஆரம்பித்து நவம்பர் வரை 36 பந்தயம் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை வாரக் கடைசியும் அந்தப் பிள்ளை தெரியாத ஊரில் குழந்தையோடு என்ன செய்வாள் என்று அம்மாதான் கேட்டாள். நீயும் யோசித்திருப்பாய், படித்தவன். உன் பெரியப்பா வீட்டு விவகாரம் நமக்கு எப்படித் தெரியவந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. அப்படி ஊரார் சொல்லி நான் கேட்கும்படி எதையும் வைத்துவிடாதே. என்னிடம் சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இரவில் வண்டி ஓட்டாதே.

கூரியரில் மாவடுவும் பாப்பாவுக்கு ஒரு பாவாடை சட்டையும் அனுப்பியிருக்கிறோம். பெறுபவர் என்ற இடத்தில் முதலில் மருமகள் பெயரையும் அடுத்து உன் பெயரையும் எழுதச் சொன்னேன். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதுகூட எனக்குப் போனில் வந்துவிடும் என்கிறார் கூரியர்காரர். பாப்பாவின் உயரம் தெரியாமல் அம்மா குத்துமதிப்பாகத்தான் பாவாடை எடுத்திருக்கிறாள். போட்டுப் பார்த்து, நீளம் போதுமா என்று மருமகளையே அம்மாவுக்குச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அப்பா