பெயர் போடாத ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான உடன் ஊழியர்களுக்கு,

'உலக வெற்றியும் தேவ அங்கீகாரமும்' வேதபாட வரிசை நல்லபடியாக நிறைவடைந்தது. தோள் கொடுத்த எல்லோருக்கும் பாட ஆயத்தக் குழுவின் நன்றி. பெயர்ப் பட்டியல் போடவில்லை. தர்மத்தை மனுஷர் காணும்படி செய்யாதீர்கள் என்று சொல்லும் மத்தேயு 6-ஐ நடத்திய கையோடு அதைச் செய்தால் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

முதலில், இராஜாக்களின் புத்தகங்களைத் தோண்டித் தந்தவர்களுக்கு. ஜெயித்தவனோடு தேவன் இருக்கிறார் என்ற கணக்கை உடைக்க இஸ்ரவேலின் ராஜா உம்ரியைக் கொண்டுவந்தது நீங்கள்தான். 12 வருஷம் அரசாண்டவன், இரண்டு தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு மலையை வாங்கிச் சமாரியாவைக் கட்டியவன். அவன் வம்சம் அழிந்த பிறகும் அசீரியக் கல்வெட்டுகள் இஸ்ரவேலை 'உம்ரியின் வீடு' என்றே அழைத்தன. 1 இராஜாக்கள் 16-லோ அவனுக்குச் சில வசனங்கள்தான். முன்னிருந்த எல்லாரையும்விடக் கேடாய் நடந்தான் என்பதே தீர்ப்பு. பின்னால் வந்த இஸ்ரவேல் ராஜா இரண்டாம் யெரொபெயாம் இன்னும் சிக்கலானவன். எல்லைகளை அவன் மீட்டது கர்த்தர் சொன்ன வார்த்தையின்படியே (2 இராஜாக்கள் 14:25). ஆனால் காரணம் அவனுடைய நீதி அல்ல. ஜனத்தின் உபத்திரவத்தைக் கர்த்தர் பார்த்தார், அவ்வளவுதான். அவன் நாட்களில்தான் தீர்க்கதரிசி ஆமோஸ் செல்வந்தரின் தந்தக் கட்டில்களைக் கண்டித்தார். தேவனே கொடுத்த வெற்றிகூட அங்கீகார முத்திரை ஆகாது என்பதை இந்த அதிகாரம்போல் நேராகக் காட்டும் பகுதி அரிது.

பாடம் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. தோல்வியும் வறுமையும் பரிசுத்தத்துக்குச் சான்று அல்ல. யோசேப்பைக் 'காரியசித்தியுள்ளவன்' என்று வேதம் சொல்லும்போது அவன் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. சிறைக்குள் போன பிறகும் கர்த்தர் அவனோடே இருந்தார் என்ற அதே சொற்கள் திரும்ப வருகின்றன (ஆதியாகமம் 39:2, 21). வீடு மாறியது, பதவி மாறியது, அந்த வாக்கியம் மாறவில்லை.

பொருளாளர்களுக்குத் தனி நன்றி. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பதைச் சிலர் காணிக்கைக் கணக்குக்கும் பொருத்திவிடுகிறார்கள். 2 கொரிந்தியர் 8:20, 21-ஐ எடுத்து அதைத் தெளிவாக்கினீர்கள்: தர்மப்பணம் கொண்டுபோகும்போது பவுல் வேறு சகோதரரையும் உடன் அனுப்பினார், மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க. கொடுப்பவர் மறைந்திருக்கலாம், கணக்கு மறையக்கூடாது. இரண்டு பேர் எண்ணுவது, இருவரும் கையெழுத்திடுவது, ரசீது வைப்பது இவையெல்லாம் விசுவாசக் குறைவு அல்ல.

சிறுகுழுத் தலைவர்களே, கடினமான பகுதி உங்களுடையது. ஒரு வாரத்துக்குள் ஒரு உதவியை யாருக்கும் சொல்லாமல் செய்யவேண்டும் என்ற பயிற்சி கேட்க எளிது. அது கெடுவது பெரும்பாலும் கடைசியில்தான்: "தேவனுக்கே மகிமை" என்று தொடங்கி முழு விவரமும் சாட்சியாக வெளிவந்துவிடும். அல்லது, ஒளித்துச் செய்தோம் என்பதே ரகசியப் பெருமையாகிவிடும். அடுத்த கூட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் யாரையும் கேட்கவில்லை. "எந்த நேரத்தில், எப்படிப்பட்டவரிடம் சொல்லத் துடித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டீர்கள். யாருடைய அங்கீகாரத்துக்கு ஏங்குகிறோம் என்பது அந்தப் பதிலில் வெளிப்பட்டுவிடும்.

அப்படியென்றால் தேவ அங்கீகாரத்தையும் சம்பாதிக்கத்தான் வேண்டுமா என்று கேட்ட வாலிபர்களுக்கு நன்றி. அந்தக் கேள்வி இல்லாமல் பாடம் வெறும் ஒழுக்கப் போதனையாகப் போயிருக்கும். "இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற பிதாவின் சத்தம் யோர்தானில் ஞானஸ்நானத்தின்போது கேட்டது இயேசு ஒரு பிரசங்கமும் ஒரு அற்புதமும் செய்வதற்கு முன்பு. எஜமான் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்படைத்துப்போகும் தாலந்து உவமையில் ஐந்தைப் பெருக்கினவனுக்கும் இரண்டைப் பெருக்கினவனுக்கும் கிடைத்த பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே (மத்தேயு 25:21, 23).

பாடத்தாள்களை வேறு சபைகளில் நடத்த விரும்புகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். யெரொபெயாம் பாடத்தை மட்டும் ஒரே அமர்வில் முடிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். கேள்விகள் நிறைய வரும்.

கிறிஸ்துவுக்குள்,
வேதபாட ஆயத்தக் குழு