பெனோவின் மௌனம்

ஆசிரியருக்கு, வணக்கம். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரரும் வர்ணனையாளருமான ரிச்சி பெனோ பற்றிய தங்கள் கட்டுரை, அவரது 248 டெஸ்ட் விக்கெட்டுகளையே பெரிதும் பேசியது. ஆஸ்திரேலியாவுக்கு ஆடிக்கொண்டிருந்த நாளிலேயே, 1956இல் பிபிசியில் ஒலிபரப்புப் பயிற்சி பெற்று, சிட்னியின் ‘சன்’ நாளிதழுக்காகக் காவல்துறைச் செய்திகளையும் சேகரித்தவர் அவர். சொல்லைச் சிக்கனமாகச் செலவிடும் அவரது வர்ணனை அந்த நிருபர் பணியில் விளைந்தது என்பதே என் உறுதியான கருத்து.

2005 செப்டம்பரில் லண்டனில் இருந்த நான், ஓவல் டெஸ்ட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இங்கிலாந்து நேயர்களிடம் வர்ணனையாளர் பெனோ விடைபெற்றுக்கொண்டிருந்தபோதே ஆஸ்திரேலியாவின் மெக்ராத் பந்தில் இங்கிலாந்தின் பீட்டர்சன் போல்டானார். தம் பிரியாவிடையை அப்படியே நிறுத்தி, விக்கெட்டைச் சொன்ன பிறகே நன்றியைத் தொடர்ந்தார். தமிழ் வர்ணனைக்கு வரும் முன்னாள் வீரர்களுக்கும் சில மாதங்கள் செய்தியறைப் பயிற்சி அளிக்க ஒளிபரப்பு நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

- வாசகர், மதுரை