மில்லரோட நிறுத்திடாதீங்க, நோசென்டியையும் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்புல டேர்டெவில் காமிக்ஸுக்கு (பகல்ல கண்ணு தெரியாத வக்கீல் மேட் மர்டாக், ராத்திரி முகமூடி போட்ட டேர்டெவில்) ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினதுக்கு முதல்ல நன்றி. நம்ம தமிழ்ப் பேப்பர்ல இப்படி ஒரு கட்டுரை வந்தது ரொம்ப சந்தோஷம். ஆனா ஃபிராங்க் மில்லர், பெண்டிஸ், மார்க் வெய்ட்னு மூணு ரைட்டருங்களோட கட்டுரைய முடிச்சிட்டீங்க, மில்லருக்கு அப்புறம் அத எழுதின ஆன் நோசென்டி பேரு ஒரு வரியில கூட இல்ல. அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

மில்லர் பெரிய ஆளுதான், அதுல சந்தேகமே இல்ல. 1979ல படம் வரையத்தான் வந்தாரு, அப்ப விற்பனை சரியில்லாம ரெண்டு மாசத்துக்கு ஒரு இஷ்யூதான் வந்துட்டிருந்துச்சு, 1981ல 168வது இஷ்யூவுல இருந்து கதையும் அவர் கைக்கு வந்துச்சு, அதுலயே மேட்டோட பழைய காதலி, கூலிக்குக் கொலை பண்ற எலெக்ட்ரா வந்துட்டா, ஸ்பைடர்மேன் கதையில இருந்த தாதா கிங்பின்ன கொண்டாந்து மேட் மர்டாக்குக்கு எதிரியா நிறுத்தினதும் அவர்தான். ஆனா படுத்துக் கிடந்த புக்குல என்ன செஞ்சாலும் யாரும் தடுக்கப் போறதில்ல, அந்த சுதந்திரம் அவருக்கு இருந்துச்சு.

ஒரு ரைட்டர எடை போட நான் பார்க்கிறது ஒண்ணுதாங்க, முன்னாடி எழுதினவரு எத விட்டுட்டுப் போனாரு, இவரு அத வச்சுக்கிட்டு என்ன செஞ்சாரு. பெண்டிஸ் 2002ல, ஒண்ணுல இருந்து புதுசா நம்பர் போட்ட வரிசையில 32வது இஷ்யூல, மேட்தான் டேர்டெவில்ங்கிற ரகசியத்த கதையில வர்ற பேப்பர்ல போட்டு உடைச்சாரு, 2006ல போறப்ப அவன ஜெயிலுக்குள்ள தள்ளிட்டுப் போனாரு. அடுத்து வந்த எட் புருபேக்கர் கனவு கினவுன்னு சொல்லித் தப்பிக்காம அந்த ஜெயில்லயே கதைய ஆரம்பிச்சாரு. அது ரைட்டருக்கு அழகு.

இதே கணக்க நோசென்டிக்கு போட்டுப் பாருங்க. 1986ல மில்லர் திரும்பி வந்து ஓவியர் மசுக்கெல்லியோட சேர்ந்து 'போர்ன் அகெய்ன்' எழுதினாரு. மேட்டோட வீடு, காசு, வக்கீல் லைசென்ஸ் எல்லாம் போச்சு, அவனோட பழைய காதலி கரென் பேஜ் போதைக்காக அவன் ரகசியத்தையே வித்துட்டு திரும்பி வந்து நிக்கிறா. அதோட மில்லர் கிளம்பிட்டாரு. இனி இந்த மனுஷன் எப்படிப் பொழைப்பான், லைசென்ஸ் இல்லாத வக்கீல் என்ன செய்வான், அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது அடுத்து வந்தவங்க. அவ்வளவு கஷ்டமான இடத்த கையில வாங்கி 1991 வரைக்கும், 291வது இஷ்யூ வரைக்கும் கொண்டு போனாங்க நோசென்டி.

என்ன செஞ்சாங்க தெரியுமா? மேட்டையும் கரெனையும் நியூயார்க்ல இருக்கிற ஹெல்ஸ் கிச்சன் வட்டாரத்துலயே ஏழை சனங்களுக்கு இலவச சட்ட உதவி செய்ய வச்சாங்க. கெமிக்கல் கழிவு கலந்த தண்ணியில குளிச்ச ஒரு சின்னப் பையனுக்கு கண்ணு போயிடுது, கேஸ் போடணும், கோர்ட்ல மேட் நிக்க முடியாது, எதிர்ப்பக்கம் கம்பெனிக்கு வாதாடுறது அவனோட சொந்த ஃபிரெண்ட் ஃபாகி. 2019ல ஜொகூர் பாசிர் கூடாங்ல சுங்கை கிம் கிம் ஆத்துல கெமிக்கல் கழிவக் கொட்டி ஸ்கூல் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்களே, அந்த நியூஸ் பார்த்தப்ப எனக்கு இந்தக் கதைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. 1980கள்ல நியூயார்க்க வச்சு எழுதினது, நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்துது.

அப்புறம் டைஃபாய்ட் மேரி, 1988ல 254வது இஷ்யூ. கிங்பின் காசு குடுத்து மேட் மனச உடைக்கச் சொல்லி அனுப்புற பொண்ணு, ஒரே உடம்புல ஒருத்தி சாது, ஒருத்தி கொலைகாரி. எலெக்ட்ராவ எல்லாரும் கொண்டாடுறாங்க, ஆனா மேட் கரெனுக்குத் துரோகம் பண்றான்னு வாசகனுக்குத் தெரிய வச்சு, அவன மன்னிக்கவும் முடியாம வெறுக்கவும் முடியாம நம்மள நிறுத்துறது மேரி கதைதான். படம் வரைஞ்சது ஜான் ரொமிட்டா ஜூனியர், அதுக்கு மேல மை தீட்டினது அல் வில்லியம்சன், அந்த மழையும் சந்தும் இருக்கே, அடடா. வில்லன் புல்லட்டுக்கு கூட ஒரு மகன் இருக்கான், அணுகுண்டு விழுந்துடும்னு பயந்து சாகுற பிள்ளை. எதிரிய அடிச்சுப் போட்டாச்சு, அந்த வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு யாரு? இந்தக் கேள்விய மில்லர் கேக்கவே இல்ல.

கடைசிப் பகுதி கொஞ்சம் தடுமாறுது, மேட் ஊரு ஊரா அலைஞ்சு நரகம் வரைக்கும் போயிட்டு வர்றான், பாத்திரங்க பக்கம் பக்கமா பேசுறாங்க. அந்த இஷ்யூக்கள பிடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா நான் சண்டைக்கு நிக்க மாட்டேன். வெய்ட் 2011ல வந்து சிரிக்கிற மேட்ட குடுத்ததும் நல்லாத்தான் இருந்துச்சு, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருக்கிற மனச்சோர்வ பிற்பாடு காட்டினது இன்னும் நல்லா இருந்துச்சு.

இங்க சௌராஸ்தா மார்க்கெட் மேல்மாடி பழைய புத்தகக் கடைங்கள்ல தேடுற பசங்க மில்லர் பேரு போட்டிருந்தா மட்டும் எடுக்கிறாங்க, நோசென்டி இஷ்யூன்னா திருப்பி வச்சிடுறாங்க. உங்க கட்டுரையப் படிக்கிறவங்களும் அப்படித்தான் செய்வாங்க. தயவு செஞ்சு இன்னொரு ஞாயிறு அவங்களுக்குன்னு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க, 250ல இருந்து 260 வரைக்கும் படிச்சா போதும், கட்டுரை எழுதினவரே மனச மாத்திக்குவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு.