இன்டர்ன் பசங்கள வெளிய அனுப்புங்க எடிட்டர்களே

தமிழ் பத்திரிகை, டிவி, யூடியூப் சேனல் எடிட்டர்களுக்கும் டெஸ்க்ல இருக்கற சீனியர்களுக்கும் வணக்கம். மாவட்டத்துல பல வருஷமா ரிப்போர்ட்டிங் பண்றவன் எழுதறேன்.

மே மாசம் வந்தா விஸ்காம், ஜர்னலிசம் படிக்கிற பசங்க காலேஜ் லெட்டரோட உங்க ஆபீஸுக்கு வர்றாங்க, நீங்களும் சேத்துக்கறீங்க, நல்ல விஷயம். ஆனா குடுக்கற வேலை என்ன? பிரஸ் ரிலீஸ டைப் அடி, நியூஸ் கார்டு போடு, ரீல்ஸுக்கு சப்டைட்டில் போடு. மாசம் முடிஞ்சா சர்டிபிகேட். அப்படி முடிச்சிட்டு வர்றவங்கள்ல பல பேரு ஒரு எஃப்.ஐ.ஆர். காப்பிய கையில வாங்கி படிச்சதில்ல, போக்சோ கேஸ்ல, அதாவது குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்ற வழக்குல, குழந்தையோட பேர் மட்டுமில்ல, ஸ்கூல் பேர், தெருப் பேர் கூட போடக்கூடாதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல, ஆனா கார்டு மட்டும் அஞ்சு நிமிஷத்துல போட்டுடறாங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு மனுவ பின்தொடர விடுங்க.

திங்கக்கிழமை காலையில கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அனுப்புங்க. கேட்லயே போலீஸ் ஒவ்வொரு பையா தொறந்து மண்ணெண்ணெய் இருக்கான்னு பாப்பாங்க. ஏன் பாக்கறாங்கன்னு அந்தப் பசங்களுக்கு தெரியணும். 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கக்கிழமைதான், திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல கந்துவட்டிக் கொடுமையால ஒரு கூலித் தொழிலாளி, அவரு மனைவி, ரெண்டு பெண் குழந்தைங்கன்னு ஒரு குடும்பமே தீயில இறந்துபோச்சு. அதுக்கு முன்னாடி பல தடவ மனு குடுத்திருந்தாங்க. அந்த போட்டோ நாடு பூரா போச்சு, ஆனா அந்த மனுங்க ஒவ்வொண்ணும் எந்த டேபிள்ல போய் நின்னுச்சுன்னு முன்னாடியே ஒரு ரிப்போர்ட்டர் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் எனக்கு மனசு அடிச்சுக்கும்.

அதனாலதான் சொல்றேன், வெளிய மரத்தடியில மனு எழுதிக் குடுக்கறவர் பக்கத்துல ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணோ பையனோ உக்காரட்டும். முதியோர் பென்ஷன் நின்னுபோன ஒரு பாட்டியோ பட்டா மாறுதலுக்கு அலையற ஒருத்தரோ கிடைப்பாங்க, அவங்க சம்மதத்தோட மனு நம்பர குறிச்சுக்கிட்டு அவங்க ஊருக்கே பஸ் ஏறிப் போகட்டும். வி.ஏ.ஓ. கேட்டா ரெவென்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. கிட்ட இருக்குன்னுவாரு, ஆர்.ஐ. கேட்டா சர்வேயர்னுவாரு, கடைசியில ஆன்லைன்ல பாத்தா மனு முடிக்கப்பட்டதுன்னு இருக்கும். செய்தி அங்கதான் இருக்கு. யார்கிட்ட எப்படி பேசணும், எத எழுதி வாங்கணும், எத நம்பக்கூடாதுங்கறது எல்லாம் அந்த ஒரு அலைச்சல்லயே வந்துடும், கிளாஸ்ரூம்ல வராது.

கூடவே முதல் நாளே 10 ரூபாய் கட்டி ஒரு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, போட வைங்க. பதில் வர 30 நாள் டைம் இருக்கு, இன்டர்ன்ஷிப்பும் பெரும்பாலும் அதே ஒரு மாசம்தான், லேட்டா போட்டா பதில் வரும்போது பையன் ஊருக்கு போயிருப்பான். போயிருந்தாலும் பரவால்ல, கூப்பிட்டு எழுத வச்சு அவன் பேர்லயே போடுங்க.

எழுதிக் கொண்டு வந்த காப்பிய நீங்களே திருத்தி பேஜ்ல ஏத்திட்டா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பக்கத்துல உக்கார வச்சு இந்த லீட், அதாவது செய்தியோட ஆரம்ப வரி, ஏன் மாறுது, இந்த வரிக்கு சோர்ஸ் யாருன்னு கேட்டு திருத்துங்க. டெட்லைன் நேரத்துல கஷ்டம்னு எனக்கும் தெரியும், ஆனா வாரத்துல ஒரு நாள் முடியாதா?

அப்புறம் காசு. பஸ் செலவு, சாப்பாட்டுக்காவது ஸ்டைபண்ட் குடுங்க, இல்லன்னா சென்னையில வீடு இருக்கற பசங்க மட்டும்தான் இந்தத் தொழிலுக்கு வருவாங்க, கூலி வேலை பாக்கறவங்க வீட்டுப் புள்ளைங்க வரவே முடியாது. பொண்ணுங்கள ஃபீல்டுக்கு அனுப்ப பயப்படாதீங்க, கூட ஒரு சீனியர அனுப்புங்க. பாலியல் தொல்லை பத்தின 2013 சட்டத்துல டிரெய்னியும் ஊழியர்தான், உங்க ஆபீஸ்ல அந்தப் புகார விசாரிக்கற கமிட்டியில யார் யார் இருக்காங்கன்னு சேர்ற அன்னிக்கே சொல்லிடுங்க.

வர்ற மே பேட்ச்ல ரெண்டு பேர எங்க மாவட்டத்துக்கு அனுப்ப எந்த எடிட்டர் ரெடின்னாலும் சொல்லுங்க, திங்கக்கிழமை காலையில நானே கூட்டிட்டு போறேன்.