முதலில் வண்டிகளை எண்ணுங்கள்

பழைய நகர மையங்களுக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தைக் காப்பது என்றாலே முகப்புகளுக்கு வெள்ளை அடிப்பது, அலங்கார விளக்கு வைப்பது, தரையில் கல் பதிப்பது என்றுதான் உங்கள் கோப்புகள் நகர்கின்றன. திறப்பு விழா முடிந்த மறுநாளே அந்தக் கல்லின் மேல் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கட்டடத்துக்கு ஒரு துறை, தெருவுக்கு இன்னொரு துறை, இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை.

ஐரோப்பாவின் பழைய ஊர்களில் குறுகலான தெருமுனைகளில் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருப்பதைப் பார்க்கலாம். குதிரைவண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் விலக்கிவிட நட்டது அது. இன்றைக்கு வரும் லாரிக்கு அந்தக் கல் ஒரு பொருட்டா? அதன் பக்கக் கண்ணாடி ஆள் உயரத்துக்கு மேலே சுவரைக் கீறிவிட்டுப் போகிறது. தரைக்கும் அதே கதிதான். வண்டியின் சக்கர அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும் என்பது சாலைப் பொறியாளர்களுக்குப் பழைய பாடம். கல் பதிக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

சரி, என்ன செய்யலாம்? தெருவை அகலப்படுத்த வேண்டாம், மையத்துக்குள் அடுக்குமாடி பார்க்கிங்கும் கட்ட வேண்டாம் (அது இன்னும் நாலு காரை உள்ளே அழைக்கும், அவ்வளவுதான்). நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977-ல் செய்ததைப் பாருங்கள். மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். எந்தப் பகுதிக்கும் காரில் போகலாம், ஆனால் ஒன்றிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு நேராகத் தாண்ட முடியாது, வெளியே சுற்றுச்சாலைக்கு வந்துதான் திரும்ப நுழைய வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் நேர்வழி. ஊரைக் குறுக்குவழியாக மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்த கார்களுக்கு உள்ளே வர ஒரு காரணமும் இல்லாமல் போனது. 2017-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரமும் மையத்தைச் சுற்றி ஆறு பகுதிகளாகப் பிரித்து இதையே செய்தது. பாலம் கட்டவில்லை, வீடு இடிக்கவில்லை.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும், கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோயட் தெருவை நடப்பவர்களுக்கு விட்டபோதும் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள், இன்றும் அது அந்த நகரத்தின் பெரிய கடைத்தெரு. ஆனால் அவர்கள் கேட்பதில் ஒன்று நியாயமானது: சரக்கு எப்படி வரும்? காலையில் சில மணி நேரம் சரக்கு வண்டிகளுக்கு வழி விடுங்கள், சின்ன பொட்டலங்களுக்குச் சரக்கு சைக்கிள் போதும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் எந்நேரமும் வழி வேண்டும். நடக்க முடியாதவர்களை மறந்துவிடாதீர்கள். ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் கவாலிர் என்ற சிறிய மின்வண்டிகள் மையத்துக்குள் இலவசமாக ஏற்றிப் போகின்றன.

இன்னொன்று, உங்களோடு சேர்த்து நடைபாதை ஆர்வலர்களுக்கும்: காரை வெளியேற்றினால் மட்டும் ஊர் பிழைத்துவிடாது. வெனிஸில் கார் ஊர் விளிம்போடு நின்றுவிடும், பழைய தெருக்களுக்குள் வருவதில்லை. ஆனாலும் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த அதன் பழைய நகரத்தில் 2022-ல் 50,000-க்கும் குறைவானவர்கள்தான் இருந்தார்கள். வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டால், அமைதியான தெரு யாருக்கு? அதனால் பேருந்து நிறுத்தம் எங்கே, பள்ளிக்குப் பிள்ளை எப்படிப் போகும், வாடகை என்ன ஆகும் என்பதும் இதே திட்டத்தில் வர வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த டெண்டருக்கு முன்னால் மையத்தின் எல்லா நுழைவாயில்களிலும் ஒரு வாரம் வண்டிகளை எண்ணுங்கள், அதில் எத்தனை உள்ளே வேலையாக வந்தவை, எத்தனை சும்மா கடந்து போனவை என்று பிரித்து, அந்தக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். கல் பதிக்கும் பேச்சு அதன்பிறகு.

இப்படிக்கு,
அந்தத் தெருக்களில் நடந்து போகிற ஒருவர்