ஓநாயைக் கட்டிய கதையை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்ஸ் புராணங்களை, அதாவது வட ஐரோப்பாவின் பழைய கடவுள் கதைகளை, வைத்து எழுதப்படும் சிறுவர் கதைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடிக்கடவுள் தோரின் சுத்தியல், வானவில் பாலம், கடவுள்களின் தலைவன் ஓடினின் எட்டுக்கால் குதிரை என்று ஆசையாக எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது சாவும் அழிவும் வரும் இடங்களை நீக்கிவிடலாம் என்று யோசனை சொல்கிறார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஃபென்ரிர் என்ற ஓநாயின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள்கள் தங்கள் இடத்திலேயே வளர்த்த குட்டி அது, பக்கத்தில் போய் இரை போடும் துணிச்சல் டீர் என்ற கடவுள் ஒருவனுக்குத்தான் இருந்தது. அது வளர வளர எல்லோருக்கும் பயம் வருகிறது, இரண்டு முறை சங்கிலி போட்டுப் பார்க்கிறார்கள், இரண்டையும் அறுத்துவிடுகிறது. அப்புறம் குள்ளர்களிடம் சொல்லி ஒரு நாடா செய்கிறார்கள், அதில் சேர்ந்தவை: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். இந்தப் பட்டியலைக் கேட்டு எந்தக் குழந்தை சிரிக்காது? ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. ஓநாய்க்குச் சந்தேகம் வந்து, ஏமாற்றவில்லை என்றால் யாராவது என் வாயில் கையை வையுங்கள் என்கிறது, டீர் வைக்கிறான். நாடா அறுபடவில்லை, கடவுள்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள், டீரைத் தவிர. அவனுக்குக் கை போய்விட்டது.

என் மகள் இதைக் கேட்டுவிட்டு ஓநாய் பக்கம் பேசினாள், வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது கடவுள்கள்தானே என்றாள். பெரியவர்களும் தப்புச் செய்வார்கள், அதற்கு விலையும் உண்டு என்பதைப் பத்து வயதில் கதை வழியாகத் தெரிந்துகொள்வதில் என்ன கெடுதல்? சூழ்ச்சிக்காரன் லோகியைக் கட்டிப்போடும் கதையில் வரும் கோரமான விவரங்களைச் சின்னக் குழந்தைகளுக்குக் குறைத்துச் சொல்லலாம், சரி. டீரின் கையை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

கடவுள்களின் உலகம் அழியும் கடைசிப் போரான ராக்னராக்கும் அப்படித்தான். அதே ஓநாய் ஓடினை விழுங்குகிறது, தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது காலடி நடந்து விழுந்து சாகிறான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே சண்டைக்குப் போகும் கடவுள்கள் இவர்கள், தோரின் வீரத்துக்கு அர்த்தமே அதனால்தான் வருகிறது. அதன் பிறகு கடலிலிருந்து பச்சைப்பசேலென்று பூமி எழுகிறது, காட்டில் ஒளிந்து பனித்துளியைத் தின்று பிழைத்த இரண்டு மனிதர்கள் வருகிறார்கள், தோரின் மகன்கள் கையில் சுத்தியல் இருக்கிறது, முன்பு கடவுள்கள் விளையாடிய தங்கக் காய்கள் புல்லில் கிடக்கின்றன. அழிவை வெட்டினால் இதையும் சேர்த்துத்தானே வெட்ட வேண்டும்?

ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் இந்தக் கதைகளைத் தொகுத்து எழுதிய ஸ்நோரி ஸ்டர்லுசன் ஒரு கிறிஸ்தவர், அந்தத் தீவு மதம் மாறி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது, இருந்தும் அவர் இந்த முடிவை அப்படியே விட்டுவைத்தார். நம் காலத்தில் எழுத்தாளர் ரிக் ரியர்டன் 2015-இல் தொடங்கிய மேக்னஸ் சேஸ் நாவல் வரிசையில், பாஸ்டன் தெருவில் வீடில்லாமல் திரியும் பதினாறு வயது நாயகன் முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே செத்து, மாண்ட வீரர்கள் சேரும் ஓடினின் மாளிகையான வால்ஹல்லா போகிறான், அங்கிருந்துதான் கதையே கிளம்புகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை விரும்பித்தான் படிக்கிறார்கள்.

இந்தப் புராணத்தைத் தமிழில் சிறுவர் தொடராக உங்கள் இணைப்பிலேயே வெளியிடுங்கள், ஒரு சாவையும் விடாமல் எழுதக்கூடியவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி